குழந்தையின் மனம் யார் பொறுப்பு?



பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? "எத்தனை மார்க்கு?" என்பதே. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பிறக்கும் கேள்விதான் அது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், நல்லெண்ணத்தோடு சொன்ன சொல் ஒரு குழந்தையின் மனத்தைப் புண்படுத்துமானால், எண்ணம் நல்லது என்ற காரணத்தால் நாம் பொறுப்பிலிருந்து தப்பிவிட முடியுமா? இதைத்தான் இங்கே சற்று ஆராய விரும்புகிறேன்.

நம் சமூகம் கல்வியின் அருமை அறியாத சமூகமன்று. யுத்தம் முடிந்த மறு ஆண்டே, 1946-ல், சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கிற்று. 1960-ல் அது உயர்நிலைப் பள்ளியாயிற்று. 1982-ல் மூடப்பட்டாலும், அப்பெயர் இன்றும் பீட்டி சாலையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையமாக நிலைத்து நிற்கிறது. கையிலிருந்த சொற்பக் காசில் பள்ளி நடத்திய நம் பெரியோர், பிள்ளைகள் நல்ல மனிதர்களாகத் தலைநிமிர்ந்து வாழ வேண்டும் என்றே விரும்பியிருப்பர். மார்க்கு அவ்வூருக்குப் போகும் பாதை. நாமோ பாதையையே ஊர் என்று எண்ணிவிட்டோம்.

பிறருக்கு உபதேசம் செய்ய எனக்குத் தகுதியில்லை. என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். என் மகள் தொடக்கநிலை ஐந்தில் படித்தபோது ஒரு நாள் மாலை, "அத்தா, இன்னைக்கு என்னோட யாருமே பேசல" என்றாள். நான் பத்திரிகையிலிருந்து தலை தூக்காமல், "அது கிடக்கட்டும், கணக்குத் தாள் கொடுத்தாங்களா?" என்றேன். 82 என்றாள். "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்றேன். அவள் பதில் சொல்லவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பெற்றோர் சந்திப்புக்குப் போனேன். இடைவேளையில் அவள் தனியே அமர்ந்து சாப்பிடுகிறாள் என்று வகுப்பாசிரியை சொன்னார். "இதை இவள் யாரிடமும் சொல்லவில்லையே!" என்று நான் வியந்தேன். வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. அவள் முதல் நாளே சொன்னாள்; கேட்காதவன் நான்.

தகப்பன் காணாததை ஆசிரியை எப்படிக் கண்டார்? 2005 முதல் நம் கல்வி அமைச்சு பள்ளிகளில் சமூக, மனவெழுச்சிக் கல்விக்கு இடமளித்திருக்கிறது. தன் உணர்ச்சியை அறிதல், அதை ஆளுதல், பிறர் நிலை உணர்தல், நட்பைப் பேணுதல், பொறுப்போடு முடிவு செய்தல் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். இவற்றைப் பற்றி மாணவரோடு பேச வகுப்பாசிரியருக்கென்று நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது. தொடக்கப்பள்ளியில் நற்பண்புப் பாடம் தாய்மொழியிலேயே நடக்கிறது. கோபம், ஏக்கம், வருத்தம் என்ற சொற்களைத் தமிழிலேயே கற்று வரும் பிள்ளைக்கு, அவற்றைக் கேட்க வீட்டில் ஒரு செவி இல்லையென்றால் என்ன பிரயோசனம்?

"எங்கள் காலத்தில் எங்கள் மனத்தை யார் விசாரித்தார்கள்? நாங்கள் கெட்டா போனோம்?" என்று பெரியவர்கள் ஆட்சேபிப்பதுண்டு. வாஸ்தவம்தான். ஆனால் அன்று அத்தா கடையில் இருந்தாலும் வீட்டில் பாட்டி இருந்தார், சாச்சா இருந்தார், கூப்பிடு தூரத்தில் அண்டை வீட்டார் இருந்தனர். யாரேனும் ஒருவர் நம் வாடிய முகத்தைப் பார்த்தார். இன்று அடுக்குமாடி வீட்டின் கதவு சாத்திக் கிடக்கிறது. தாயும் தந்தையும் பொழுது சாய்ந்த பிறகே வேலையிலிருந்து திரும்புகிறார்கள். தவிர, அன்று வாய் திறவாமல் வாடிப்போனவர்களை எவர் கணக்கெடுத்தார்?

"செல்லம் கொடுத்தால் பிள்ளை கெடும்" என்பது மற்றோர் ஆட்சேபம். பிள்ளை சொல்வதைக் கேட்பது வேறு. பிள்ளை கேட்பதையெல்லாம் கொடுப்பது வேறு. முன்னது கடமை, பின்னதே செல்லம். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் மறைந்த இமாம் கஸ்ஸாலி, பிள்ளை வளர்ப்பில் கண்டிப்பை வலியுறுத்தியவர். பாடம் முடிந்த பிள்ளைக்கு விளையாட்டு வேண்டும், ஓயாத படிப்பு உள்ளத்தை மடியச் செய்யும் என்று எச்சரித்தவரும் அவரே.

அரசாங்கம் தன் தராசை மாற்றிக்கொண்டுவிட்டது. 2019 முதல் மதிப்பேட்டில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று எழுதுவதில்லை. முன்பு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் ஒரு பிள்ளையின் மதிப்பு, மற்றப் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்பதையும் பொறுத்திருந்தது. 2021 முதல் அப்படியில்லை. 90-ம் அதற்கு மேலும் பெற்றால் முதல் நிலை. அடுத்த பிள்ளை எவ்வளவு வாங்கினாலும் அது மாறாது. 2023-க்குள் அரையாண்டுத் தேர்வுகளும் நின்றுவிட்டன. ஆனால் "பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு?" என்ற பழைய தராசு நம் வீட்டில் இன்னும் தொங்குகிறதே!

2015-ல் பல நாடுகளின் 15 வயது மாணவரிடம் நடந்த பீசா ஆய்வில், நன்றாகத் தயார் செய்திருந்தும் பரீட்சை என்றால் மிகவும் பதற்றமடைவதாகச் சிங்கப்பூர் மாணவரில் 76 சதவீதத்தினர் கூறினர். ஆய்வை நடத்திய அமைப்பின் உறுப்பு நாடுகளில் சராசரி 55 சதவீதமே. இது படிக்காத பிள்ளையின் பயமன்று. படித்த பிள்ளையின் பயம். பாடம் தெரிந்திருந்தும் பயம் வருகிறதென்றால், அது யார் முகத்தை நினைத்து வருகிறது என்று நாம் யோசிக்க வேண்டாமா?

குழந்தை நம் உடைமையன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பிறர் பொருளை நம்பி வாங்கி வைத்தவன், "நல்லெண்ணத்தோடுதான் வைத்திருந்தேன், உடைந்துவிட்டது" என்று சொன்னால் ஊர் ஒப்புமா? பள்ளிக்கூடம் உதவலாம், நமக்குப் பதிலாக நிற்க முடியாது.

அன்றிரவு என் மகளிடம், "நீ சொன்னப்போ அத்தா கேக்கல, அது என் தப்பு" என்றேன். சிறிது நேரம் பேசாமலிருந்து, பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த வருத்தம் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதன் பிறகு அவள் அதைத் தனியே சுமக்கவில்லை.

ஆகவே, பெற்றோர்களே, மார்க்கை விசாரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கட்டும்: "இன்னைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய்?" கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.