பங்கில்லாத மகளின் கடன்

பழவேற்காடு ஏரியில் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதை அரசு தீர்மானிப்பதில்லை, ஊர் தீர்மானிக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மீனவ ஊர்களில் தலைமுறைகளாக நடந்துவரும் பாடு முறைப்படி, இறால் நன்றாகப் படும் இடங்கள் முறைவைத்துப் பகிரப்படுகின்றன. இன்று நல்ல இடம் கிடைத்தவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போவார். பணமுள்ளவர் ஏரியை வளைத்துப் போட்டுவிட முடியாது. சமத்துவம் பேசும் பல நிறுவனங்களில்கூடக் காணக்கிடைக்காத நேர்மை இதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பங்கு ஆணுக்கு மட்டும்தான்.

பங்கில்லாத மகள் இப்போது ஊரைவிட்டுப் போக நினைக்கிறாள். பொன்னேரியில் கல்லூரி முடித்தவள். சென்னையிலோ ஸ்ரீசிட்டியிலோ வேலை, ஒரு விடுதி அறை, கல்யாணப் பேச்சு சில வருடங்களுக்கு வேண்டாம் என்கிறாள். எண்ணூருக்கும் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் ஒப்பந்த வேலைக்குப் போகும் மகனுக்கு, ஏரியில் இறால் குறைந்ததைக் காரணமாகச் சொல்கிறது ஊர். மகள் போனால் அவளுடைய குணத்தைக் காரணமாகச் சொல்கிறது. வளர்த்த குடும்பத்துக்கு அவள் பட்ட கடன் என்ன, அதை எதைக் கொண்டு தீர்ப்பது என்ற கேள்வி அங்கே எழுகிறது.

கடனே இல்லை என்று சொல்லிக் கடந்துபோவது அநியாயம். விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பேருந்துக்குக் காத்து நின்று, கூறு போட்டு விற்ற காசில்தான் பல பெண்களின் படிப்பு நடந்திருக்கிறது. முகத்துவாரம் மண் மேடிட்டு அடைபட்டு மீன்வரத்து குறையும் மாதங்களிலும் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். அப்போது வட்டிக்கு வாங்கியவர்கள் உண்டு. அந்தத் தாயைப் பார்த்து, ‘நான் கேட்டேனா?’ என்று எந்த மகளும் சொல்லக் கூடாது. பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டமும் மகன், மகள் என்று பேதம் பார்க்காமல் இருவர்மீதும் பொறுப்பைச் சுமத்துகிறது. சம்பளத்தில் ஒரு பகுதியை வீட்டுக்கு அனுப்புவதும், உடம்பு முடியாத அப்பாவுக்கு மருத்துவம் பார்ப்பதும் அவள் செய்ய வேண்டியவையே.

ஆனால் பல வீடுகள் பணத்தைவிடச் சம்மதத்தையே கேட்கின்றன. வீடு பார்த்த மாப்பிள்ளைக்குத் தலையாட்டினால் பட்ட கடன் தீர்ந்தது என்று கணக்கு வைக்கிறார்கள். கடனுக்காகக் கொடுத்த சம்மதம் எப்படிச் சம்மதமாகும்? அதை நம்பித் தாலி கட்டும் ஆணும் அங்கே ஏமாற்றப்படுகிறான். இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பணக்கடன் ஒருநாள் அடையும். சம்மதமாகக் கேட்கும் இந்தக் கடன் ஆயுள் முழுக்க அடையாது.

பிரிட்டனில் குடியேறிய தெற்காசியக் குடும்பங்களின் பெண்கள் பலர் இதே நெருக்கடியில் நின்றார்கள். அங்கே 2007இல் வந்த கட்டாயத் திருமணத் தடுப்புச் சட்டம், அடி உதையை மட்டுமல்லாமல், மிரட்டியோ மனத்தை நெருக்கியோ இணங்க வைப்பதையும் கட்டாயம் என்றே வரையறுத்தது. பழவேற்காட்டுக் குப்பங்களுக்கும் அந்த வரையறை பொருந்தும். மகள் போகிறாளே என்று அம்மா அழுவதில் தவறில்லை, அது பாசம். ‘நீ சரின்னு சொல்ற வரைக்கும் நான் சோறு திங்க மாட்டேன்’ என்று படுத்துக்கொள்வது நெருக்கடி. கைநீட்டி அடிக்காததாலேயே அது நியாயமாகிவிடாது.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்றுதான்: ‘இவ இப்படிப் போயிட்டா, தங்கச்சிய யாரு கட்டுவா?’ இந்தப் பயம் கற்பனையல்ல. மூத்தவளின் முடிவுக்கு இளையவள் விலை கொடுத்த வீடுகள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே தன் முடிவு தன்னை மட்டும்தான் பாதிக்கும் என்று மூத்தவள் சொல்லிவிட முடியாது. தங்கையிடம் பேசவும், அவளுக்குத் துணை நிற்கவும் கடமைப்பட்டவள். ஆனால் தங்கையைத் தண்டிப்பது யார்? பெண் கேட்டு வர மறுப்பவர்கள், திண்ணையில் உட்கார்ந்து பேசுபவர்கள். அவர்கள் செய்யும் தீங்கைச் செய்யாதவள் தலையில் எழுதக் கூடாது. மூத்தவள் பணிந்துபோனால், அதே மிரட்டல் நாளை தங்கையின் மகள்வரை வரும்.

ஊர் தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்து கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் செய்தது. நிலத்துக்கு வந்த அந்த நியாயம் ஏரிக்கு வரவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடலோரத்தின் பல ஊர்களில் ஆண்களை எண்ணும் தலைக்கட்டுக் கணக்குப்படி நிவாரணம் பிரிக்கப்பட்டபோது, ஆண் துணையில்லாத பெண்கள் விடுபட்டார்கள். தலைக்கட்டில் எண்ணாத ஒருத்தியை மானக் கணக்கில் மட்டும் எண்ணுவது என்ன நியாயம்? பெற்றோர் அவளிடம் உரிமையோடு சிலவற்றைக் கேட்கலாம். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அப்படிக் கேட்கும் உரிமை இல்லை.

அரசின் மனம்கூட மாறியிருக்கிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவும் திட்டம். பின்னாளில் அதில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022 செப்டம்பரிலிருந்து அதே பெயரில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். படிக்க வைத்துவிட்டு, அந்தப் படிப்பு காட்டும் இடத்துக்குப் போகாதே என்று தடுப்பது பொருந்தாது.

நகரம் நல்லபடியாக வைத்துக்கொள்ளும் என்றும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. 2021 டிசம்பரில், கைப்பேசி செய்யும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாட்டால் பலர் நோயில் விழுந்ததை எதிர்த்து, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். வீட்டின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதிக் கட்டுப்பாட்டுக்குப் போனவர்கள் அவர்களில் பலர். இதைச் சொல்லி மகளை எச்சரிக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு, சொல்லாவிட்டால்தான் தவறு. ஆனால், ‘போனா திரும்பி வராதே’ என்று கதவைச் சாத்துபவர்கள் அந்த ஆபத்தைத் தாங்களே பெரிதாக்குகிறார்கள். வேலை போய், உடம்பு முடியாமல், அல்லது வீட்டு நினைவு வந்து பழவேற்காட்டுப் பேருந்தில் ஏறும் மகளுக்கு, யாருக்கும் விளக்கம் சொல்லாமல் படுத்துறங்க வீட்டில் ஓர் இடம் வேண்டும். அவள் தம்பிக்கு அது எப்போதும் இருக்கிறது.