வராதவர்களின் வாக்கு

பாஞ்சாலங்குறிச்சியில் 1974ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட நினைவுக் கோட்டைக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, கும்பெனிக்கு வரி செலுத்த மறுத்த கட்டபொம்மனின் கதையைப் பெருமையோடு சொல்கிறோம். ‘நம் மண்ணில் முடிவு செய்யும் உரிமை யாருக்கு?’ என்பதே அக்கதையின் உட்கேள்வி. இன்று அதே கேள்வி மதுக்கடையின் வாயிலில் நின்று நம்மை நோக்குகிறது. ஊரில் மதுக்கடை வேண்டுமா, வேண்டாமா என்பதை ஊராரே வாக்களித்து முடிவு செய்யலாமா?

இதுவரை முடிவுகள் மேலிருந்தே வந்தன. மது அருந்தும் பெண்களுக்குத் தண்டம் விதிக்குமாறு புன்னைக்காயல் குறித்து 1544இல் மடல் எழுதினார் தூய சவேரியார். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார். 1971இல் அது மாநிலத்தில் தளர்த்தப்பட்டது. 2003 முதல் அரசே சில்லறை விற்பனையை ஏற்றது. தடுத்தபோதும் திறந்தபோதும் ஊரைக் கேட்டவர் இல்லை.

மகாராஷ்டிரத்தில் கேட்கிறார்கள். 2008ஆம் ஆண்டு ஆணையின்படி, ஊரின் பெண் வாக்காளருள் 25 விழுக்காட்டினர் கோரினால் மறைவான வாக்கெடுப்பு நடக்கும். சீட்டில் இரு சின்னங்கள்: நிற்கும் புட்டி, சாய்ந்த புட்டி. சாய்ந்தது வென்றால் கடை மூடப்படும். அன்று தண்டத்திற்குரியவராய் எண்ணப்பட்ட பெண், இன்று தீர்ப்பிடுபவராய் வரிசையில் நிற்கிறார்!

‘என் கிண்ணத்தைத் தடுக்க ஊருக்கு என்ன உரிமை?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கானாவூர்த் திருமணத்தில் இரசம் பரிமாறிய ஆண்டவரை வணங்கும் நாம், மதுவே பாவம் என்று சொல்ல இயலாது. மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடுக்க முயலலாகாது. பிறருக்குக் கேடு விளைவிப்பவற்றையே சிறப்பாகத் தடுக்க வேண்டும் என்பது தூய அக்குவினா தோமாவின் கருத்து. இங்கு வாக்குக்கு விடப்படுவது ஒருவரின் கிண்ணம் அன்று. ஊர் நடுவில் நிற்கும் கடை. வலை இழுத்தவரின் கூலி வீடு சேருமுன் வழிமறிக்கப்படும்போது, பசித்திருக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு அல்லவா?

அந்த ஆணையில் நம்மை உறுத்தும் விதி ஒன்று உண்டு. வாக்களித்தவருள் பாதிப் பேர் போதாது. பட்டியலில் உள்ளோருள் பாதிக்கு மேல் கடையை மூடச் சொல்ல வேண்டும். ஆகவே வீட்டிலேயே இருந்துவிட்டவர், தாம் அறியாமலே நிற்கும் புட்டிக்கு வாக்களித்தவர் ஆகிறார்.

நம் மாநிலத்தில் அத்தகைய சீட்டு இல்லை; கிராம சபை உண்டு. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் அது கூடும்போது நாம் எங்கே இருக்கிறோம்? கணவரும் கடன் கொடுத்தவரும் பார்த்திருக்க, ஓர் ஏழைத் தாய் தனியே எழுந்து பேச நேர்ந்தால், அவருக்கு அருகில் நிற்பவர் யார்?

கடை சாய்ந்தாலும் கடமை முடிவதில்லை. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. கதவை மூடுவதோடு நின்றுவிட்டால், நடுங்கும் கைகளோடு நிற்கும் நம் சகோதரர் இருட்டில் வேறு கதவைத் தட்டுவார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல நீளாத கை, சபையில் உயர்ந்து என்ன பயன்?

மனச்சான்றுக்கு விடுமுறை நாள் இல்லை. அடுத்த சபைக்கு நாம் செல்வோம். திரும்பும் வழியில் அந்தச் சகோதரரின் வீட்டுக்கும் செல்வோம்.