தாழாத கை

தஞ்சோங் பகாரிலிருந்து நடந்து போகும் தூரம்தான் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827இல் தோன்றிய, சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். அங்கே பெரியாச்சி அம்மன் சன்னிதியைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் அரசன், மடியில் வயிறு கிழிந்த அரசி, உயர்த்திய ஒரு கையில் பச்சைக் குழந்தை. "இவ்ளோ பயங்கரமான சாமிகிட்டயா முப்பது நாள் குழந்தையைக் கொண்டு போறீங்க?" என்று கூடப் படிக்கும் நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

கதையைப் பல விதமாகச் சொல்வார்கள். நான் கேட்டது இது: தன் குழந்தை மண்ணைத் தொட்டால் அழிவான் என்று ஒரு கொடுங்கோல் அரசனுக்குச் சாபம். மருத்துவச்சியாக வந்த பெரியாச்சி பிரசவம் பார்த்து, குழந்தையைத் தரையில் படாமல் ஏந்துகிறாள். கூலி தராமல் அவளையே அரசன் அவமதிக்கிறான். அவள் காளியாகிறாள்.

யோசிச்சுப் பாருங்க. அவனை அழிக்க அவள் அந்தக் கையைத் தாழ்த்தியிருந்தாலே போதும். மிச்சத்தைச் சாபம் பார்த்துக்கொள்ளும். அவள் தாழ்த்தவில்லை. பகைவனின் பிள்ளையை ஆயுதமாக்கவில்லை. அதனால்தான் நம் பிள்ளைகளையும் நம்பிக் கொடுக்கிறோம்.

அரசியின் கதி மட்டும் எனக்கு உறுத்துகிறது. அவள் செய்த குற்றம் என்ன? வயிறு பேராசையின் குறியீடு என்று சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை. இந்த உறுத்தலைக் கற்றுக் கொடுத்ததும் அந்தத் தாழாத கைதான்.

அநியாயத்தைப் பார்த்தால் நமக்கும் கோபம் வரும்; வரத்தான் வேண்டும். அப்போது ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: இந்தக் கோபத்தில், சம்பந்தமே இல்லாத யாரைக் கீழே போடப் போகிறோம்?