உண்ட வீடு

வட கடலில் ஜெர்மனிக்குச் சொந்தமான ஹெல்கோலாண்ட் என்ற சிறு தீவு இருக்கிறது. கோடைக் காலத்தில் அதைச் சுற்றியுள்ள நீரில் ஜெல்லி மீன்கள் குடை விரித்தாற்போல் மிதந்து வரும். நம் மீனவர்கள் 'சொறி' என்று ஒதுக்குகிற இனந்தான். அந்தக் குடைக்குள், விரல் நகத்தளவே உள்ள ஒரு பிராணி குடியிருக்கிறது. இறாலுக்குத் தூரத்து உறவு. தலை முழுவதும் கண். ஹைபீரியா கால்பா என்று அதற்குப் பெயர்.

இங்கிலாந்தின் டெவன் கரையில் கிடைத்த இதை 1815-ஆம் ஆண்டில் ஜார்ஜ் மாண்டேகு என்பவர் விவரித்து எழுதினார். வட அட்லாண்டிக் கடலில் பல இடங்களில் இது உண்டு. தேசப்படத்தில் பார்த்தால் பெரிய சாம்ராஜ்யம்! உண்மையில் அது வாழும் இடம் ஒரு குடையின் அகலந்தான். குடை போகுமிடமெல்லாம் அதுவும் போகிறது. நீந்தத் தெரியாத தன் குஞ்சுகளைத் தாய் அந்த உடலின் மேலேயே இறக்கி விடுகிறது. ஜெல்லி மீன் பிடித்த இரையில் பங்கு கொள்கிறது. அது போதாதபோது ஜெல்லி மீனையே தின்கிறது. இலையுதிர் காலம் வந்து ஜெல்லி மீன்கள் அழிந்ததும், கடலடிக்குப் போய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது.

இதைப் படித்ததும், 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்று சொல்ல என் நாக்குத் துடித்தது. சொல்லவில்லை. காரணம், என் சித்தி.

படிக்கிற காலத்தில் நான்கு வருஷம் அவள் வீட்டில் தங்கிச் சாப்பிட்டேன். இரவில் அடுப்பை மெழுகிக்கொண்டே ஏதாவது சொல்வாள். பிறந்த வீட்டார் தன்னை மறந்ததைச் சொல்வாள். சித்தப்பாவுக்குத் தெரியாமல் விற்ற ஒரு ஜோடி வளையலைப் பற்றியும் ஒரு நாள் சொன்னாள். பிற்காலத்தில் அதை நான் கதையாக எழுதினேன். பலர் பாராட்டினார்கள். சித்தியும் படித்தாள்.

"நன்றாக எழுதியிருக்கிறாயடா. இனிமேல் உன்னிடம் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்றாள். அப்படியே இருந்தும் விட்டாள்.

பிறரை அண்டாமல் நம்மில் யார் வாழ்கிறோம், சொல்லுங்கள்! அண்டி வாழ்வது பாவமல்ல. அந்தக் கடற்பிராணிக்கு அனுமதி கேட்கும் வழியில்லை. ஆகையால் அதன்மேல் குற்றமும் இல்லை. எனக்கு வாய் இருந்தது. "சித்தி, இதை எழுதட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. செய்வது இன்னதென்று தெரிந்தே செய்தேன் என்பதற்கு அந்தப் பயமே சாட்சி.