நாத்திகரும் நமது எழுதுகோலும்



சென்ற மாதம் ஓர் அடியார் இவ்விதழில் வெளியிடுமாறு எமக்கு ஒரு தாளை அனுப்பியிருந்தார். எங்கோ அச்சாகி, பல கை மாறிப் படியெடுக்கப்பட்டு, எழுத்தே மங்கிப்போன தாள். கடவுள் இல்லை என்று வாழ்நாள் முழுவதும் மேடைதோறும் முழங்கிய ஒருவர் மரணப்படுக்கையில் நடுநடுங்கி, "இறைவா" என்று கதறி உயிர்விட்டதாக அதில் கண்டிருந்தது. அவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, பக்கத்தில் இருந்து கேட்டவர் யார் என்ற விபரம் ஒன்றும் இல்லை. அனுப்பியவரின் நோக்கம் நல்லதே. பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று எழுதியிருந்தார். ஆயினும் நாம் அதை வெளியிடவில்லை. காரணத்தை அவருக்கு மாத்திரம் சொல்லி விடாமல் எல்லோருக்கும் சொல்வது நன்று என்று தோன்றியபடியால் இம்மாதச் சிந்தனை அதைப் பற்றியதாகிறது.

நாம் வந்து குடியேறியிருக்கும் இந்த இங்கிலாந்தில் இத்தகைய கதைகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. அதற்கு ஒரு மனிதரை எடுத்துக்கொள்வோம். சார்ள்ஸ் பிராட்லா என்பது அவர் பெயர். 1833 இல் இலண்டனில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தம்மை நாத்திகர் என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டவர். 1880 இல் நோர்தாம்ப்ரன் நகர மக்கள் அவரைப் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்தார்கள். கடவுள் பெயரால் சத்தியம் செய்வதற்குப் பதிலாக உறுதிமொழி கூற அனுமதிக்குமாறு கேட்டார், மறுத்தார்கள். அப்படியானால் வழக்கமான சத்தியத்தையே செய்கிறேன் என்றார். நம்பாதவன் வாயில் அந்தச் சத்தியம் செல்லாது என்று அதையும் மறுத்தார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஓர் இரவு அவரைப் பாராளுமன்ற மணிக்கூட்டுக் கோபுரத்தில் அடைத்தும் வைத்தார்கள். உறவினர் ஊரிலிருந்து வந்தால் நாம் அழைத்துச் சென்று படம் பிடித்துக் கொடுக்கிறோமே, அதே கோபுரந்தான். 1881, 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் அதே மக்கள் மீண்டும் மீண்டும் அவரையே தெரிந்து அனுப்பினார்கள். 1886 இல்தான் தம் ஆசனத்தில் அவரால் முறைப்படி அமர முடிந்தது. 1888 இல் சத்தியத்துக்குப் பதிலாக எவரும் உறுதிமொழி கூறலாம் என்ற சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றினார். இன்று நம்மவர் குடியுரிமை விழாவில் எழுந்து நின்று, தம் மனதுக்கு ஒத்தபடி இரண்டில் ஒன்றைத் தெரிந்து கொள்கிறார்கள். அந்த வழி திறந்ததில் இந்த நாத்திகருக்கும் பங்கு உண்டு.

இவரைப் பற்றிக் கிறிஸ்தவ சமயத்தார் பரப்பிய கதைகளில் மிகவும் பிரசித்தமானது கைக்கடிகாரக் கதை. (அக்காலத்தில் அது சட்டைப்பைக் கடிகாரம்.) பிராட்லா மேடையில் ஏறிக் கடிகாரத்தை வெளியே எடுத்து, "கடவுள் என்று ஒருவர் இருந்தால் ஐந்து நிமிடத்துக்குள் என்னைச் சாகடிக்கட்டும்" என்று சவால் விட்டாராம். பிரசங்கத்தில் சொன்னார்கள், துண்டுப்பிரசுரத்தில் எழுதினார்கள், பத்திரிகையில் போட்டார்கள். அவரோ தாம் அப்படி ஒருநாளும் செய்ததில்லை என்று பலமுறை மறுத்தார். மறுப்பு ஓர் ஊரை அடைவதற்குள் கதை பத்து ஊரைக் கடந்துவிடும்.

இக்கதையைப் பற்றி நாடக ஆசிரியர் பேர்னாட் ஷா 1921 இல் வெளிவந்த தம் நாடக நூல் ஒன்றின் முன்னுரையில் ஒரு வேடிக்கையைச் சொல்கிறார். அவர் இளைஞராக இருந்தபோது ஒரு விருந்தில் பக்தர் ஒருவர் இந்தக் கடிகாரக் கதையை எடுத்துவிட்டார். பிராட்லாவின் அபிமானி ஒருவர் அது பொய் என்று கோபத்துடன் வாதாடினார். ஷா நடுவில் புகுந்து, செய்திருந்தால்தான் என்ன, எளிய சோதனைதானே என்று சொல்லித் தம் கடிகாரத்தை வெளியே எடுத்தார். உடனே அங்கிருந்த பக்தரும் கலங்கினர், ஐயவாதிகளும் கலங்கினர். விருந்து கொடுத்தவர் பேச்சை மாற்றும்படி மன்றாட வேண்டியதாயிற்று. சிரிப்புக்குரிய கதைதான். ஆனால் இறைவன் ஐந்து நிமிடத்துக்குள் கோபித்துக் கொல்பவன் என்ற எண்ணம் அங்கே பக்தர் மனத்திலும் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நாத்திகரை இழிவுபடுத்த எழுதிய கதை ஆண்டவனையும் சேர்த்துச் சிறியவனாக்கி விட்டது.

பிராட்லா 1891 ஜனவரி 30 ஆம் நாள் காலமானார். அவரைப் பாராளுமன்றத்திலிருந்து விலக்கிய பழைய தீர்மானத்தைச் சபை தன் பதிவேட்டிலிருந்து நீக்கியது ஜனவரி 27 இல். மூன்றே நாள் இடைவெளி. அவர் மகள் ஹைப்பேஷியா ஒரு காரியம் செய்தார். தந்தை கடைசி நேரத்தில் மனம் மாறினார் என்று கதை கட்டப்படும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. ஆகவே நோயில் பணிவிடை செய்த தாதியரிடம், இவர் சமயம் பற்றி எதுவும் பேசவில்லை என்று கையெழுத்து வாங்கி வைத்தார். தகப்பனைப் பறிகொடுத்த ஒரு மகள், அழுவதற்கு முன் அத்தாட்சி சேகரிக்க வேண்டியிருந்தது. நெற்றியில் நீறு பூசிய நாம் இதை வாசிக்கும்போது வெட்கப்பட வேண்டும் என்றே எமக்குப் படுகிறது. அந்தக் கதைகளைக் கட்டியவர்கள் வேறு சமயத்தார் என்பது உண்மை. எமக்கு வந்த தாளில் இருந்ததும் அதே கதைதானே!

இது பழங்கதை என்று விட்டுவிடவும் முடியாது. கிறிஸ்தோபர் ஹிச்சன்ஸ் என்ற பேர்போன நாத்திக எழுத்தாளர் புற்றுநோயால் 2011 டிசெம்பரில் இறந்தார். தாம் மனம் மாறியதாகச் செய்தி வந்தால் அது நோயும் மருந்தும் பேசிய பேச்சாக இருக்கும், தம் பேச்சாக இராது என்று 2010 இலேயே அவர் செவ்வியில் சொல்லி வைத்தார். அப்படியிருந்தும் 2016 இல் அவரை அறிந்த ஒரு கிறிஸ்தவ எழுத்தாளர், அவர் உள்ளூர நம்பிக்கையை நோக்கி வந்துகொண்டிருந்தார் என்ற கருத்துப்பட ஒரு நூல் வெளியிட்டார். நெருங்கிய நண்பர்கள் ஆட்சேபித்தார்கள். ஹிச்சன்ஸ் ஒன்றும் மென்மையானவர் அல்லர். அன்னை தெரேசாவைப் பற்றி 1995 இல் அவர் எழுதிய நூல் பலரை நோகச் செய்தது; சமயத்தாரைப் பற்றிய அவருடைய கேலியில் நியாயம் தவறிய இடங்களும் உண்டு என்பது எமது எண்ணம். அவர் அளவு தவறினார் என்பதற்காக நாமும் அளவு தவறலாமா?

சமய எழுத்தாளர் எல்லோரும் அப்படி இருந்ததில்லை. கத்தோலிக்கரின் கர்தினால் மானிங் 1880 இல் பிராட்லாவின் பாராளுமன்றப் பிரவேசத்தைக் கடுமையாக எதிர்த்துக் கட்டுரை எழுதினார். பெயர் போட்டு எழுதினார், காரணம் காட்டி எழுதினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஸ்ருவாட் ஹெட்லம் என்ற ஆங்கிலத் திருச்சபைக் குருவோ பிராட்லா அடைக்கப்பட்டிருந்தபோது அனுதாபத் தந்தி அனுப்பினார். பிராட்லாவின் அடக்கத்துக்கு இலண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தியடிகளும் சென்றிருந்தார். இறுதி மரியாதை செலுத்தச் சில பாதிரிமாரும் அங்கே வந்திருந்ததைத் தம் சுயசரிதையில் மறவாமல் குறித்திருக்கிறார். திரும்பி வரும்போது புகையிரத நிலையத்தில் ஒரு நாத்திகர் அப்பாதிரிமாரில் ஒருவரை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டதையும், பாதிரியார் பணிவோடு மௌனமானதையும் எழுதுகிறார். அந்தக் காட்சி காந்தியடிகளுக்கு நாத்திகத்தின்மேல் இருந்த வெறுப்பை இன்னும் கூட்டியது. ஆயினும் அதற்காக அவர் பிராட்லாவைக் குறைத்து ஒரு சொல் எழுதவில்லை.

பிராட்லாவுடன் தோளோடு தோள் நின்று பத்திரிகை நடத்திய அன்னி பெசண்ட் அம்மையாரை நம்மவர் அறிவர். நாத்திகம் பேசியதற்காகவும், குடும்பக் கட்டுப்பாட்டு நூலொன்றைப் பிராட்லாவோடு சேர்ந்து வெளியிட்டதற்காகவும் 1878 இல் நீதிமன்றம் அவர் மகளை அவரிடமிருந்து பிரித்தது. 1893 இல் இந்தியா வந்து, கீதையை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1917 இல் காங்கிரஸ் தலைவராகவும் ஆனவர் அதே அம்மையார். இதைப் "பார்த்தீர்களா, கடைசியில் நம் பக்கம் வந்தார்" என்று பெருமையடிக்க நாம் சொல்லவில்லை. பத்திரிகைகள் ஒழுக்கங்கெட்டவள் என்று தூற்றிய காலத்திலும் அவர் அதே நேர்மையுள்ள பெண்மணியாகவே இருந்தார் என்பதற்காகச் சொல்கிறோம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மெய்கண்ட சாத்திரங்களுள் சிவஞான சித்தியார் ஒன்று. 13 ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் அருளியது. அதன் முதற்பகுதியாகிய பரபக்கத்தில் 14 மதங்கள் ஆராயப்படுகின்றன. முதலாவது யாருடையது தெரியுமா? உலகாயதனுடையது. கடவுளும் இல்லை, உயிரும் இல்லை, மறுபிறப்பும் இல்லை என்பவன். கண்ணால் கண்டதே பிரமாணம், நிலம் நீர் தீ காற்று என்ற நான்கின் கூட்டத்தில் அறிவு பிறக்கிறது என்பவன். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றிலும் தனித்தனியே இல்லாத சிவப்பு, மூன்றையும் சேர்த்து மென்றால் வருகிறதல்லவா என்பது உலகாயதர் கூறும் உவமை. நல்ல உவமை! அருள்நந்தியார் இவனை வாயடைத்து நிறுத்தவில்லை. அவன் கட்சியை முதலில் முழுவதும் சொல்லவிடுகிறார். தவத்தையும் நோன்பையும் அவன் எள்ளி நகையாடவும் இடங்கொடுக்கிறார். அதன் பிறகே மறுப்பு. மறுப்பிலும் தயவு தாட்சணியம் இல்லை. கடவுளை ஒப்பாத சாங்கியருக்கும் அதே மரியாதை, அதே மறுப்பு. எதிரியின் வாதத்தை அவன் கேட்டால் "ஆம், இதுதான் நான் சொன்னது" என்று ஒப்பும்படி எடுத்துச் சொல்லத் தெரியாதவன் அதை மறுக்கத் தகுதியற்றவன் என்பது நம் ஆசிரியர்கள் கைக்கொண்ட முறை. சமணரைப் பற்றி நம் நூல்கள் சொல்வதெல்லாம் இந்த முறையில் நின்றவை என்று நாம் சாதிக்க வரவில்லை. சித்தாந்த வாதத்தில் இதுவே முறை.

பெரியபுராணத்தில் சாக்கிய நாயனார் வரலாற்றையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். புத்த துறவியின் உடை, கையிலே கல், நாள்தோறும் சிவலிங்கத்தின்மேல் ஓர் எறி. அன்றைய காஞ்சியில் ஒரு சமயப் பத்திரிகை இருந்து, நிருபர் ஒருவர் தூரத்தில் நின்று பார்த்திருந்தால், மறுநாள் தலைப்பு என்னவாக இருந்திருக்கும்? கல் உண்மை, எறிந்தது உண்மை, செய்தி மாத்திரம் முழுப்பொய். இதைச் சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. நாத்திகர் ஒவ்வொருவரும் மறைவான சாக்கியரே, உள்ளுக்குள் பக்தரே என்று சிலர் பிரசங்கிக்கிறார்கள். அதுவும் மரணப்படுக்கைக் கதையின் இனந்தான். இல்லை என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று சொன்னார் என்றே எழுத வேண்டும்.

எமக்கு இதில் உண்மையான கவலை வேறு. பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்து, "அம்மா, எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, தேருக்கு நான் வரேல்லை" என்கிறது. இது இன்று ஒரு வீட்டில் மாத்திரம் நடப்பதில்லை. அந்தப் பிள்ளை இவ்விதழின் தமிழ்ப் பக்கத்தைப் படிக்காவிட்டாலும் ஆங்கிலப் பக்கத்தைப் புரட்டும். நாத்திகன் குடிகாரன், ஒழுக்கமற்றவன், சாகும்போது கதறுபவன் என்று அதில் இருந்தால், தன் அறைத்தோழன் அப்படி இல்லையே என்று அதற்கு நேரே தெரியும். ஒரு பக்கத்தில் பொய்யைக் கண்ட பிள்ளை, மறுபக்கத்தில் திருஞானசம்பந்தரைப் பற்றி நாம் எழுதியதை மாத்திரம் எப்படி நம்பும்? அதே பக்கத்தைத் தாயும் படிப்பாள். தன் பிள்ளை கெட்டுப்போய்விட்டது என்று நாமே அச்சடித்து அவள் கையில் கொடுத்ததாக முடியும்.

பிராட்லாவின் இளமையைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம். பிறக்கும்போதே அவர் நாத்திகர் அல்லர். பதினைந்து, பதினாறு வயதில் ஞாயிறு பாடசாலையில் சிறுவருக்குச் சமயம் சொல்லிக் கொடுத்தவர். ஆயரின் வருகைக்காகத் திருச்சபையின் கோட்பாடுகளையும் சுவிசேஷங்களையும் ஊன்றிப் படித்தபோது இரண்டும் ஒத்துவரவில்லை என்று கண்டு, விளக்கம் தரும்படி தம் பாதிரியாருக்குக் கடிதம் எழுதினார். விளக்கம் வரவில்லை. உங்கள் மகன் கேட்பவை நாத்திகக் கேள்விகள் என்று பாதிரியார் தகப்பனாருக்கு எழுதினார். பையனைப் பாடசாலையிலிருந்தும் நிறுத்தி வைத்தார். கடைசியில், மூன்று நாளுக்குள் கருத்தை மாற்றாவிட்டால் வேலையும் போகும் என்றாயிற்று. பையன் வீட்டை விட்டு வெளியேறினான். பிராட்லாவை நாத்திகர் என்று எழுதிய முதல் எழுத்து பத்திரிகையில் வரவில்லை. தகப்பனுக்குப் போன கடிதத்தில் வந்தது. அன்று அது உண்மையும் அல்ல.

நம் வீடுகளில் அந்தக் கடிதத்தை மாமி எழுதுகிறார், தொலைபேசியில். "கூடாத சேர்க்கை" என்கிறார். பிள்ளை கேட்ட கேள்வி என்ன என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

இனிமேல் கடவுள் மறுப்பாளர் எவரைப் பற்றியும் இவ்விதழுக்கு எழுதுவோர், அவர் சொன்னதை அவர் சொன்னபடியே முதலில் எழுதி, எங்கே எப்போது சொன்னார் என்றும் குறித்து, பின் தம் மறுப்பை எவ்வளவு கடுமையாகவும் எழுதலாம். அத்தாட்சி இல்லாத மரணப்படுக்கைச் செய்திகளை ஏற்கமாட்டோம். தாளை அனுப்பிய அடியார் இம்முடிவை மனமுவந்து ஏற்றுக்கொண்டதோடு, கீழே சொல்லும் வகுப்புக்குத் தேநீர்ச் செலவைத் தாமே ஏற்பதாகவும் அறிவித்துள்ளார்.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மாலைப் பூசையின் பின் சிவஞான சித்தியார் வகுப்பு ஆரம்பமாகும். சுபக்கத்திலிருந்து தொடங்கலாம் என்று சிலர் அபிப்பிராயப்பட்டார்கள். நூல் தொடங்கும் இடத்திலேயே, உலகாயதனிடமிருந்தே தொடங்குகிறோம். வகுப்பு தமிழிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். கோயிலுக்குள் வர விருப்பமில்லாத பிள்ளைகள் மண்டபத்தின் பக்கவாசலால் வரலாம். உலகாயதன் பக்கத்தை எடுத்துப் பேச இருவர் தேவைப்படுகின்றனர்.

திருச்சிற்றம்பலம்