முதுமைக்கு ஒரு நாடு

ஓய்வு பெற்ற பிறகு எந்த நாட்டில் போய் வாழலாம் என்று பட்டியல் போடுவது இன்று ஒரு தொழில். வெளிநாட்டு இதழ்கள் ஆண்டுதோறும் போடுகின்றன. தட்பவெப்பம், வாடகை, மருத்துவமனை, ஆங்கிலம் செல்லுமா, விசா கிடைக்குமா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. மலேசியா இந்தப் பட்டியல்களில் அடிக்கடி வரும். நீண்ட காலம் தங்க விரும்பும் நாடு எது என்று ஜப்பானியர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 2006 தொடங்கிப் பல ஆண்டுகள் மலேசியாதான் முதலிடம்.

நான் பங்சாரில் குடியிருக்கிறேன். தெலாவி சாலையின் காபிக் கடைகள், ஞாயிற்றுக்கிழமை இரவுச் சந்தை, வாழையிலைச் சாப்பாடு என்று எங்கள் பேட்டையை வெளியிலிருந்து வருகிறவர்கள் புகழ்வதைக் கேட்டிருக்கிறேன். நாம் குடியிருக்கும் வீட்டைப் பற்றி வாடகை விளம்பரம் படிப்பதுபோல ஓர் உணர்வு வரும். அந்தப் புகழ்ச்சியில் ஒரு சொல் எப்போதும் இருக்கும்: மலிவு. சாப்பாடு மலிவு, டாக்சி மலிவு, வீட்டு வேலைக்கு ஆள் மலிவு.

மலிவு என்பது பொருளின் குணம் மாதிரி தெரிகிறது. உண்மையில் அது யாரோ ஒருவரின் சம்பளம். 2025 பிப்ரவரியிலிருந்து மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். மாமாக் கடையில் நடுராத்திரி தே தாரிக் ஆற்றுகிறவரின் கணக்கு அதைச் சுற்றித்தான் ஓடுகிறது. வெளிநாட்டு ஓய்வூதியத்துக்கு இங்கே மதிப்பு கூடுகிறது என்றால், அந்தச் சம்பளம் அங்கே இருப்பதால்தான் கூடுகிறது.

சரி, அதனால் என்ன? வயசான ஒருத்தர் தன் சொந்தக் காசில் நல்ல இடமாகப் பார்த்துப் போய் இருக்க நினைப்பதில் என்ன தப்பு? இந்தக் கேள்வியை நேர்மையாக யோசிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தப்பு இருக்கிறதா என்பதைவிட, இந்தத் தேர்வு யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்த்தால் விஷயம் கொஞ்சம் தெளியும்.

மலேசிய அரசு 1996இல் வெளிநாட்டு முதியவர்களை வரவேற்க ஒரு திட்டம் தொடங்கியது. அதன் முதல் பெயரிலேயே வெள்ளை முடி இருந்தது. 2002இல் அது ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ ஆனது. எம்எம்2எச் என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். 2021இல் விதிகளை இறுக்கினார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் மாத வருமானம் 10,000 ரிங்கிட்டாக இருந்தால் போதும் என்றிருந்தது 40,000 ஆனது. 2024இல் மீண்டும் மாற்றி பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்தார்கள். வெள்ளித் தரத்துக்கு வைப்புத்தொகை 1,50,000 அமெரிக்க டாலர். பிளாட்டினத்துக்குப் பத்து லட்சம் டாலர். வெள்ளித் தரக்காரர் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட்டுக்கு ஒரு வீடும் வாங்க வேண்டும். அந்த வைப்புத்தொகை மட்டுமே, குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் ஒருவரின் ஏறத்தாழ முப்பது ஆண்டு உழைப்பு. அதாவது ஓர் ஆயுள் முழுக்க வேலை செய்தால் வரும் தொகை, கதவைத் தட்டுவதற்கு மட்டும்.

இன்னொரு கதவும் இதே நாட்டில் இருக்கிறது. அங்கே நிற்பவர்களின் கையில் சிவப்பு ஐசி. நிரந்தரவாசி, ஆனால் குடிமகன் இல்லை என்று அதற்குப் பொருள். இந்த வரிசையில் தமிழ்க் கிழவர்களும் கிழவிகளும் நிறையப் பேர். தோட்டத்து லயத்தில் பிறந்தபோது பிறப்புச் சான்றிதழ் எடுக்காதவர்கள், அப்பா அம்மா கல்யாணத்தைப் பதியாததால் சிக்கியவர்கள், சிறு வயதில் கப்பலில் வந்தவர்கள், சுதந்திரத்தை ஒட்டி மனு போட வேண்டிய நேரத்தில் ‘எதுக்கு இந்தக் காகிதம்’ என்று இருந்துவிட்டவர்கள். ஐம்பது வருஷம் மரம் சீவியவர்களுக்கு ஓட்டு கிடையாது. நலத்துறை முதியோருக்குக் கொடுக்கும் உதவித்தொகையும் குடிமக்களுக்குத்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பாட்டிக்குக் குடியுரிமை மனுவை நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு கேட்பவை மூன்று: பன்னிரண்டு ஆண்டுகளில் பத்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும், மலாய் மொழி போதிய அளவு தெரிய வேண்டும். நேர்காணலுக்காகப் பாட்டி மலாய் வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். சந்தையில் மீன் பேரம் பேசும்போது தண்ணீர்பட்ட பாடாக வரும் மலாய், அதிகாரியை நினைத்த உடனே நின்றுவிடுகிறது. “நான் இங்கயே பொறந்தவ தம்பி, இதுக்கு மேல என்னத்தப் படிக்கிறது?” என்றார். 2018இல் அரசு 60 வயதைக் கடந்த, சிவப்பு ஐசி வைத்திருக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களுக்குக் குடியுரிமை வழங்க முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் 1957இல் சுதந்திரம் பெற்ற நாட்டில் அது 2018இல் எடுக்க வேண்டிய முடிவாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டும் ஒன்றல்ல என்பார்கள். முதலாவது விசா, இரண்டாவது குடியுரிமை. சட்டப்படி சரி. எம்எம்2எச் யாரையும் குடிமகன் ஆக்குவதில்லை. நான் ஒப்பிடுவது உரிமையின் அளவை அல்ல, கேட்கப்படும் கேள்வியை. ஒருவரிடம் ‘எவ்வளவு வைத்திருக்கிறாய்?’ என்று கேட்கிறார்கள். மற்றவரிடம் ‘நீ யார், நிரூபி’ என்கிறார்கள். மொழி தெரியுமா என்ற கேள்வியே முதல் ஆளுக்கு இல்லை.

இதன் வேர் பழையது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை இங்கே ஏற்படுத்தினார்கள். முதலாளிகள் செலுத்திய பணத்தில் தமிழ்நாட்டிலிருந்து கூலிகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். உழைக்க முடியாமல் போனவர்களைத் திருப்பி அனுப்பியதும் இதே நிதியில்தான். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஊருக்கு ஏற்றிவிடப்பட்டார்கள். ஏன் தோட்டக் கூலி மலிவாக இருந்தது? தொழிலாளியின் குழந்தைப் பருவத்துக்கு ஆன செலவு தஞ்சாவூரிலோ சேலத்திலோ ஏதோ ஒரு குடும்பத்தின் தலையில். அவன் முதுமையும் அதே குடும்பத்தின் தலையில். நடுவில் இருக்கும் பலமான இருபது முப்பது வருஷங்கள் மட்டும் மலாயாவுக்கு. ஒரு மனித ஆயுளை மூன்றாக வெட்டி, நடுத்துண்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்த வெட்டு சுதந்திரத்தோடு முடியவில்லை. 1968இல் வந்த சட்டத்தால் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1969 கலவரத்துக்குப் பிறகு அது தீவிரமாக நடைமுறைக்கு வந்தபோது பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். இலங்கையில் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு என்று எழுதியது. அவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசாங்கம் பெயர் வைத்தது. நீலகிரியில் அக்கம்பக்கத்தார் ‘சிலோன்காரர்’ என்றார்கள். எந்த நாட்டில் முதுமையைக் கழிப்பது என்பதை அவர்களுக்காக வேறு இருவர் மேஜையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள்.

பங்சாரும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். ரயில்வே குடியிருப்புகளில் தமிழர்கள் நிறைந்திருந்த பேட்டை. பங்சார் சாலைத் தமிழ்ப்பள்ளி அதற்குச் சாட்சியாக இன்னும் நிற்கிறது. அன்று உழைத்துக் களைத்த தமிழனை மூட்டை கட்டி அனுப்பிய நாடு, இன்று பிறர் நாட்டு முதுமைக்குத் தரம் பிரித்து விலை சொல்கிறது.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். எங்கள் கோண்டோவின் கீழே சாயங்காலம் சக்கர நாற்காலிகள் வரிசையாக வரும். தள்ளிக்கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியப் பெண்கள். தாத்தாவின் வாயைத் துடைத்துவிடுவது, மாத்திரை கொடுப்பது, ராத்திரி எழுப்பிக் கழிவறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்கள்தான். அவர்களுடைய அனுமதிச் சீட்டில் குடும்பத்தை அழைத்துவர இடமில்லை. கர்ப்பமானால் நாடு திரும்ப வேண்டும். எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் அந்த வருஷங்கள் எதற்கும் கணக்காகாது. தமிழனுக்கு நடந்த அதே வெட்டு, ஆள் மட்டும் வேறு. இப்போது பணிப்பெண் வைத்திருக்கும் வீடுகளில் நம் வீடுகளும் உண்டு என்பதை மறைக்க வேண்டாம்.

மைக்கேல் வால்சர் 1983இல் எழுதிய ‘நீதியின் களங்கள்’ என்ற நூலில் இந்தத் தொழிலாளர்களைப் பற்றிப் பேசுகிறார். ஒரு சமூகம் தன் உறுப்பினர்களுக்குப் பங்கிடும் முதல் பொருள் உறுப்பினர் உரிமையே என்பது அவர் வாதம். ஆட்களை வரவழைத்து வேலை வாங்கிக்கொண்டு, உறுப்பினராகும் வழியை மட்டும் நிரந்தரமாக அடைத்து வைப்பது ஒருவகைக் கொடுங்கோன்மை என்கிறார். ஐலெட் ஷஹார் ‘பிறப்புரிமை லாட்டரி’யில் (2009) இன்னொரு அடி போகிறார். பிறப்பு என்பது குலுக்கல் சீட்டு. அதற்குப் பதிலாக, அந்த இடத்தோடு ஒருவருக்கு இருக்கும் மெய்யான பிணைப்பை உரிமைக்கு அடிப்படையாக்கலாம் என்கிறார். பிணைப்புதான் அளவுகோல் என்றால் சிவப்பு ஐசி பாட்டி வரிசையின் தலையில் நிற்க வேண்டும். பணிப்பெண் அவருக்குப் பின்னால். வைப்புத்தொகைக்காரர் கடைசியில். நம் வரிசை அப்படியே தலைகீழ்.

வைப்புத்தொகைக்காரரைப் பகைவனாக்குவது சுலபம். அது நியாயமும் இல்லை. அவர் பெரும்பாலும் கோடீஸ்வரர் இல்லை. குறைந்தபட்சம், பழைய விதியில் வந்தவர்கள் இல்லை. சொந்த ஊரில் முதியோர் இல்லத்துக்குப் பணம் கட்ட முடியாமல் வந்தவர்களும் அதில் உண்டு. மலேசியாவில் வந்து குடியேறும் பிரிட்டிஷ் ஓய்வூதியருக்கு, அவர் நாட்டில் ஆண்டுதோறும் கொடுக்கும் உயர்வு கிடையாது. வந்த அன்று வாங்கிய தொகை அப்படியே உறைந்துவிடும். 2021இல் புதிய விதிகள், ஏற்கெனவே இங்கே பல வருஷம் வாழ்ந்தவர்களுக்கும் பொருந்தும் என்று முதலில் அறிவித்தார்கள். எழுபது வயதில், நாய்க்குட்டியும் நண்பர்களும் மருத்துவரும் எல்லாம் இங்கே என்று ஆன பிறகு, நாலு மடங்கு வருமானம் காட்டு என்றால் எங்கே போவார்? எதிர்ப்புக்குப் பிறகு அவர்களுக்கு விலக்கு வந்தது. ஆனால் ஒன்று தெரிந்துபோயிற்று. விலை கொடுத்து வந்தவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளருக்கு விலையை ஏற்றலாம். உரிமையாளருக்கு அப்படி ஏற்ற முடியாது. முதுமை என்பதோ பேரம் பேசத் தெம்பில்லாத பருவம். ஆக, பணத்தால் வாங்கிய இடமும் பணம் உள்ளவரைக்கும்தான்.

இந்தக் கேள்வி நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்துவிட்டது. என் மாமாவுக்கு அடுத்த வருஷம் 60. இங்கே சட்டப்படி ஓய்வு பெறும் வயது. “ஈபிஎப் காச எடுத்துட்டு கோயம்புத்தூர்ல ஒரு வீட்டப் போட்டு உக்காந்துடலாம்டா. கோயில் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம், வேலைக்கு ஆளு சீப்பா கெடைக்கும்” என்கிறார். வெளிநாடுவாழ் இந்தியர் அட்டை எடுத்தால் ஆயுள் முழுக்க இருக்கலாம். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது, அவ்வளவுதான். அவருடைய மூன்று காரணங்களையும் கேட்டபோது வெளிநாட்டு இதழ்களின் பட்டியல் தமிழில் பேசுவதுபோல இருந்தது. தாத்தா அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வறுமையில் கிளம்பினார். பேரன் அதே ஊருக்கு மலிவைத் தேடிப் போகிறார். அங்கே அவர் ‘மலேசியாக்காரர்’ ஆவார்.

போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. முதுமையில் இடம் மாறுவது நமக்குப் புதுசும் இல்லை. காசிக்குப் போனவர்கள் உண்டு, பிள்ளை இருக்கும் பெர்த்துக்குப் போகிறவர்கள் உண்டு. எங்கே சாவது என்பதைத் தேர்ந்துகொள்ளும் ஆசை மனிதனுக்கு இருக்கும் ஆசைகளில் கௌரவமான ஒன்று. அது எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய ஒன்று என்பதால்தான், சிலருக்கு மட்டும் கிடைப்பது உறுத்துகிறது.

எனக்குத் தோன்றுவது இது. எந்த மண்ணில் ஒருவர் தன் உழைக்கும் வயதைக் கொடுத்தாரோ, அங்கே கிழவராக ஆகும் உரிமை அவருக்கு உண்டு. அதை யாரும் தானமாகத் தர வேண்டியதில்லை. உழைப்பை வேறெங்கோ கொடுத்துவிட்டு முதுமையை மட்டும் ஓரிடத்துக்குக் கொண்டுவருகிறவருக்கு அந்த உரிமை இல்லை, ஆனால் வர வாய்ப்பு உண்டு. வாய்ப்பில் வந்தவருக்குக் கடன் இருக்கிறது. வைப்புத்தொகை அரசு கேட்பது. கடன் அந்த ஊர் மனிதர்களுக்கு. ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொள்வது, பக்கத்து வீட்டுச் சாவுக்குப் போய் நிற்பது, வேலை செய்கிறவருக்கு ஊரில் நடக்கும் கூலியைவிட நியாயமான கூலி கொடுப்பது, அவருடைய காகிதத்துக்காக அலுவலகத்தில் கூடப் போய் உட்கார்வது எல்லாம் அந்தக் கடனில் சேரும்.

மாமாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “அங்க உங்களத் தூக்கி உக்கார வைக்கப்போற அந்த ஆளு, வயசானப்புறம் எங்க மாமா இருப்பாரு?”

மாமா உடனே பதில் சொல்லவில்லை. “அதெல்லாம் யாரு யோசிக்கிறா” என்றார் கடைசியில். நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்கள் தட்பவெப்பத்துக்குப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கும் ஒரு கட்டம் போட்டால், மலேசியா எத்தனையாவது இடத்தில் வரும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.