தவ்பாவின் நான்காம் நிபந்தனை



அமெரிக்காவின் மாடிசன் நகரில் பல்கலைக்கழகத்துக்குரிய பெரும் பூங்கா ஒன்று உண்டு. ஆதியில் புல்வெளியாயிருந்த அந்நிலத்தைக் குடியேறியோர் உழுது வயலாக்கினர். 1930களின் நடுவில் அங்கே பழைய நாட்டுப் புல்லையும் பூஞ்செடிகளையும் மீண்டும் நடத் தொடங்கினார்கள். ஏர் சில பருவங்களில் அழித்ததை மீட்கத் தொண்ணூறு ஆண்டுகளாகப் பாடுபடுகிறார்கள். களை பிடுங்குகிறார்கள், காலமறிந்து தீயிடுகிறார்கள். புதர்கள் கருகும், ஆழ வேரோடிய நாட்டுப் புல்லோ மீண்டும் தளிர்க்கும். ஆயினும் பழைய புல்வெளி முழுமையாகத் திரும்பிவிடவில்லை.

அழிப்பது எளிது, மீட்பது அரிது. பாவத்தை விடுதல், அதற்காக வருந்துதல், மீண்டும் செய்வதில்லையென உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றும் தவ்பாவின் நிபந்தனைகள். பிறர் ஹக்கைப் பறித்திருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பது நான்காவது என்று உலமாக்கள் கூறுகிறார்கள்.

நாமோ தஸ்பீஹ் மணியை உருட்டி 'அஸ்தஃபிருல்லாஹ்' என்கிறோம். தகப்பனார் விட்டுச்சென்ற நிலத்தில் சகோதரிக்கு அல்லாஹ் விதித்த பங்கை மட்டும் நம் கையிலேயே வைத்திருக்கிறோம். "அவள் கேட்கவில்லையே!" என்று சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம். வாய் திறவாத மண்ணுக்கே அதன் உடைமையைத் திருப்பிக் கொடுக்க மனிதர் பாடுபடும்போது, உடன்பிறந்தவளின் மௌனம் நமக்கு ஆதாரமாகுமா? தாமதித்தால் மீட்பு கடினமாகும். மௌத்து வந்துவிட்டாலோ வாய்ப்பே இல்லை.

உரியவர் ஹக்கை உரியவரிடம் இன்றே சேர்ப்பிக்க வல்ல நாயன் நமக்குத் தௌபீக் செய்வானாக! ஆமீன்.